நாரி நோவுக்குள் மறைந்திருக்கும் நோய்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கில் அமைந்துள்ள அச்சுவேலி, செம்மண் தோட்டங்களால் அறியப்பட்ட ஊராகும். வெங்காயம், புகையிலை, மரக்கறி எனப் பருவத்துக்கொரு பயிர் அங்கு செய்கை பண்ணப்படுகின்றது. அத்தோட்டங்களில் குந்தியிருந்து களை பிடுங்கும் பெண்களிடமோ, மண்வெட்டியுடன் வாய்க்கால் மாறும் ஆண்களிடமோ சுகம் விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "நாரி நோ தான், வேற ஒண்டுமில்லை" என்பதாகவே இருக்கும். இந்த 'வேற ஒண்டுமில்லை' என்பது எவ்வளவு தூரம் உண்மை என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாவாகும்.

என்பு, மூட்டு, தசை ஆகியவற்றைப் பற்றிய நோய்களால் உலகில் சுமார் 171 கோடி மக்கள் அவதியுறுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2020ஆம் ஆண்டில் நாரி நோவினால் மட்டும் 61.9 கோடிப் பேர் பாதிக்கப்பட்டிருந்தனர் என்றும், 2050ஆம் ஆண்டளவில் இத்தொகை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். மனிதரைச் செயலிழக்கச் செய்யும் காரணிகளுள் உலகளவில் முதலிடம் வகிப்பது இந்நோவே. ஆயினும் இதனால் எவரும் உடனடியாக இறப்பதில்லை. மரணப் பதிவேட்டில் இடம்பெறாத நோய், திட்டமிடுவோரின் கண்களிலும் படுவதில்லை. வளர்முக நாடுகளில் இந்நோய்கள் புறக்கணிக்கப்படுவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

தோட்ட வேலைக்கும் இந்நோவுக்கும் உள்ள தொடர்பு தெளிவானது. உடலை முன்னோக்கி வளைத்துப் பாரம் தூக்கும்போது முள்ளந்தண்டின் என்புகளுக்கு இடையேயுள்ள வட்டத்தட்டுகள் பெரும் அழுத்தத்துக்கு உள்ளாகின்றன. மணிக்கணக்காகக் குந்தியிருக்கையில் முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு நெரிபடுகின்றது. 16 லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து வரம்பில் நடப்பவரின் தோளும் நாரியும் அப்பாரத்தைத் தாங்குகின்றன. துலா மிதித்து நீர் இறைத்த காலம் போய் இயந்திரம் வந்துவிட்டபோதிலும், நடுவதும் களை எடுப்பதும் வெங்காயம் கிண்டுவதும் இன்றும் பெருமளவு கைகளாலேயே நடைபெறுகின்றன. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வயலில் உழைப்போருக்கும், மன்னாரில் வலை இழுப்போருக்கும், தையல் இயந்திரத்தின் முன் நாளெல்லாம் குனிந்திருக்கும் பெண்களுக்கும் நிலைமை வேறல்ல.

எனினும், உழைப்பவரின் நோ அனைத்தும் உழைப்பினால் வந்தது என்று கொள்வது ஆபத்தான தவறாகும். உழைப்பினால் வரும் நோ வேலை செய்யும்போது கூடி, ஓய்வெடுக்கும்போது தணியும். மூட்டு அழற்சியினால் வரும் நோவோ இதற்கு நேர்மாறானது. காலையில் எழுந்தவுடன் கை விரல்களும் மூட்டுகளும் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்து, நடமாடிய பின்னரே இளகும். கை விரல் மூட்டுகள் வீங்கிக் காணப்படுமாயின் அது முடக்குவாதமாக இருக்கலாம். முதற் சில மாதங்களுள் உரிய மருந்து தொடங்கப்பட்டால் மூட்டுகள் சிதைவதைப் பெரும்பாலும் தடுக்க முடியும். காலம் கடந்தால் கோணிய விரல்களை எந்த மருந்தாலும் நிமிர்த்த இயலாது. நாற்பது வயதுக்கு முன்னர் தொடங்கி, இரவின் பிற்பகுதியில் உறக்கத்தைக் கலைக்கும் முதுகு நோ, முள்ளந்தண்டையே இறுகச் செய்யும் அழற்சி நோயின் அறிகுறியாகலாம். இந்நோய் அடையாளம் காணப்படுவதற்கு முன்னேறிய நாடுகளிற்கூடப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன.

மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு நோ, முள்ளந்தண்டைத் தாக்கிய காசநோயாக இருக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்ணொருவரின் உயரம் குறைந்து கூன் விழுமானால், அது என்பு நலிவினால் முள்ளந்தண்டு நொறுங்கியதன் அடையாளமாகலாம். நீரிழிவு நோயாளருக்குத் தோள்மூட்டு இறுகி, கையை உயர்த்த முடியாமற் போவது ஏனையோரைவிட அதிகம். 2006ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் பரவிய சிக்குன்குன்யாக் காய்ச்சல், சில நாட்களில் தணிந்த பின்னரும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு நோவை விட்டுச் சென்றதையும் மறந்துவிட முடியாது. போர்க்காலத்தில் காலிழந்து, மற்றைய காலிலும் நாரியிலும் முழுப் பாரத்தையும் சுமந்து நடப்போரையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டியுள்ளது. இவை அனைத்தையும் 'வாதம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடக்கிவிடுகின்றோம். சித்த மருத்துவ நூலான யூகி வைத்திய சிந்தாமணியே வாத நோய்களை 80 ஆக வகுத்துள்ளது என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது. வகை பிரித்து அறியாமல் மருந்து கொடுப்பது நம் முன்னோரின் வழியும் அன்று.

நோயை அறியாத இடத்தில் நோமாத்திரை நுழைகின்றது. மருந்துக் கடையில் வைத்தியரின் சீட்டின்றி வாங்கிய டைக்லோபினாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே பலர். இவை இரைப்பையில் புண்ணையும் குருதிப் பெருக்கையும் உண்டாக்கக்கூடியவை. குருதி அமுக்கத்தைக் கூட்டக்கூடியவை. நீரிழிவினால் ஏற்கெனவே நலிந்துள்ள சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடியவை. பெயர் குறிப்பிடப்படாத தூள்களிலும் குளிசைகளிலும் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும் ஆபத்தும் உண்டு. அவை அன்று தரும் சுகத்துக்கு விலையாக என்பும் நீரிழிவும் பின்னர் கெடுகின்றன.

வைத்தியசாலைக்குச் சென்று காட்டினால் என்ன என்று கேட்பது எளிது. இந்நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமே. ஆனால் அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்று, வரிசையில் நின்று திரும்புவதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். கூலிக்கு உழைக்கும் பெண்ணொருவர், எழும்பி நடக்க முடிகின்றவரை அந்த நாளை இழக்கத் துணிவதில்லை. அவர் வைத்தியரிடம் செல்லும்போதும் நீரிழிவுக்காகவே செல்கின்றார். நோவைப் பற்றி எவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இங்குதான் செய்யக்கூடிய காரியம் ஒன்று உள்ளது. 2011ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை ஏற்படுத்தி, நடுத்தர வயதினரின் குருதி அமுக்கத்தையும் சீனியின் அளவையும் பரிசோதித்து வருகின்றது. அதே இடத்தில் மூன்று வினாக்களைச் சேர்த்துக் கேட்பதற்குப் புதிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. காலையில் மூட்டு எவ்வளவு நேரம் விறைக்கின்றது? நோ இரவில் உறக்கத்தைக் கெடுக்கின்றதா? எந்த மாத்திரையை எவ்வளவு காலமாக எடுக்கின்றீர்கள்? இம்மூன்றுக்கும் கிடைக்கும் விடைகளே, யாரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும், யாருக்குப் பயிற்சியும் ஆறுதலும் போதும் என்பதைப் பெருமளவு பிரித்துக்காட்டிவிடும்.

மேலும், நாட்பட்ட நாரி நோவுக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசெம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சிக்கும் நோயாளருக்கு விளக்கமளிப்பதற்கும் முக்கியத்துவம் கொடுத்துள்ளது. பலரும் நம்பி அணியும் இடுப்புப் பட்டியை அது பரிந்துரைக்கவில்லை. எனவே பிரதேச வைத்தியசாலை மட்டத்தில் இயன்மருத்துவரின் சேவை வாரத்தில் ஒரு நாளாவது கிடைக்குமாயின் அதனால் விளையும் பயன் பெரிதாகும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையரில் 12.4 வீதமானோர் 60 வயதை எட்டியிருந்தனர். முதியோர் தொகை கூடிச் செல்லும் நாட்டில் இது ஆடம்பரமான கோரிக்கை அன்று.

மக்களும் சிலவற்றை அறிந்திருத்தல் அவசியம். நாரி நோவுடன் கால்கள் பலமிழந்தாலோ, மறைவிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ அல்லது கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். காய்ச்சல், காரணமற்ற மெலிவு, முன்னர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதிக்கலாகாது.

பள்ளிவாசலில் கதிரையில் அமர்ந்து தொழுவோரின் வரிசை நீள்வதையும், கோயில் வீதியில் நிலத்தில் இருந்தெழும்ப இயலாத தாய்மார் ஒதுங்கி நிற்பதையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். வயது போனால் இப்படித்தான் என்று கடந்துவிடுகின்றோம். அவர்களுள் சிலரேனும் வேளையோடு கண்டறிந்திருந்தால் சுஜூதும் செய்திருப்பர், அடியும் அழித்திருப்பர். நோவைத் தாங்கிக்கொள்வது நம் மக்களின் பெருமையாக இருக்கலாம். அதன் பெயரைக் கேட்டறிவது அவர்களின் உரிமை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் அனைவரதும் கடமையாகும்.