84 மாத்திரை, ஒரு கால் நகம்: பாதியில் நிறுத்தினால் காசும் போச்சு, நகமும் போச்சு!

ஷிப்ட் முடிந்து சேஃப்டி ஷூவைக் கழற்றும்போதுதான் பலருக்கும் அது கண்ணில் படும். கால் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. சில மாதங்களில் நகம் தடித்து, நிறம் மங்கி, ஓரம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததால் யாரும் அவசரப்படுவதும் இல்லை. அடுத்த விரலுக்கும் பரவிய பிறகுதான் மெடிக்கல் ஷாப்பில் போய், “அண்ணே, நகச்சொத்தைக்கு ஏதாச்சும் ஆயின்மென்ட் குடுங்க” என்று கேட்பார்கள்.

பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஷூவுக்குள் வியர்வை, தண்ணீருக்குள் கால்

வடசென்னையைத் தாண்டி, ஒரு பக்கம் வங்கக்கடலும் மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றின் கழிவெளியுமாக நீண்டு கிடக்கிறது காட்டுப்பள்ளி. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று வேலைக்கு வருபவர்கள் ஒரு பக்கம். கடலையும் ஆற்றையும் நம்பி வாழும் மீனவர்களும், எண்ணூர்க் கழிவெளியில் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் இன்னொரு பக்கம்.

முதல் வகையினரின் கால், சித்திரை வெயிலிலும் மூடிய ஷூவுக்குள் மணிக்கணக்கில் வேகும். இரண்டாம் வகையினரின் கால் மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறும். பூஞ்சைக்கு இரண்டுமே கொண்டாட்டம்தான். முதலில் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாக வரும். அதைக் கவனிக்காமல் விட்டால், அங்கிருந்து மெல்ல நகத்துக்கு அடியில் குடியேறிவிடும். நகத்துக்குள் போய்விட்டால் சாதாரண ஆயின்மென்ட் அதைத் தொடாது. நகம் ஓடு மாதிரி மூடிக்கொண்டிருக்க, மேலே தடவும் களிம்பு எப்படி உள்ளே போகும்?

கணக்கு இதுதான்

நகப்பூஞ்சைக்கு டாக்டர்கள் வழக்கமாக முதலில் எழுதுவது டெர்பினாஃபைன் 250 மில்லிகிராம் மாத்திரை. தினம் ஒன்று. கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். 12 வாரம் என்றால் 84 மாத்திரைகள்.

இன்னொரு வழி, இட்ராகொனசோல். காலையில் 200, இரவில் 200 மில்லிகிராம் என்று மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிட வேண்டும். மீதி மூன்று வாரம் ஓய்வு. கால் நகத்துக்கு இப்படி மூன்று மாதம். 100 மில்லிகிராம் கேப்சூலாக வாங்கினால் ஒரு வாரத்துக்கு 28. மூன்று மாதத்துக்கு, இங்கேயும் அதே 84.

ஆக, கடையில் ஒரு அட்டையின் விலையை மட்டும் பார்த்து, “சமாளிச்சிடலாம்” என்று நினைக்கக் கூடாது. ஒரு மாத்திரை விலை எவ்வளவு என்று கேட்டு, அதை 84-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். அந்தத் தொகை கைக்கு அடங்குமா என்பதுதான் கேள்வி. அடங்காவிட்டால், முதல் அட்டையை வாங்கும் முன்பே வேறு வழி தேட வேண்டும். இரண்டு அட்டை சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால், பூஞ்சை மிச்சமிருந்து மறுபடி தலையெடுக்கும். செலவழித்த பணமும் வீண்.

இன்சூரன்ஸ் கார்டு இருக்கே?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டக் கார்டு பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாக, பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கும்தான். வெளிநோயாளியாகப் போய் வாங்கும் நகப்பூஞ்சை மாத்திரைக்கு உதவாது. தனியார் பாலிசிகளும் பெரும்பாலும் அப்படித்தான். எனவே இந்த நோயைப் பொறுத்தவரை, கார்டு வைத்திருப்பவரும் இல்லாதவரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

விதிவிலக்கு, இ.எஸ்.ஐ. இதில் வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் அடக்கம். இப்போதைய விதிப்படி, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவிகிதம், முதலாளி கட்டுவது 3.25 சதவிகிதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் சுமார் 113 ரூபாய் பிடிப்பார்கள். மருத்துவ உதவிக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே தகுதி உண்டு. அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் உண்டு.

கான்ட்ராக்ட் ஆளாக வேலை செய்பவர்கள், “நமக்கெல்லாம் அது கிடையாதுப்பா” என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். இ.எஸ்.ஐ பொருந்தும் நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எண் தந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பிடித்தம் இருந்தும் கையில் கார்டு இல்லை என்றால், ஒப்பந்ததாரரிடம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது நீங்கள் காசு கட்டி வாங்கிய உரிமை.

இ.எஸ்.ஐ இல்லாதவர்களுக்கு?

மீன் பிடிப்பவர், இறால் தடவுபவர், கடை வைத்திருப்பவர், வீட்டு வேலை பார்ப்பவர்... இவர்களுக்கு அரசு மருத்துவமனைதான் துணை. காட்டுப்பள்ளி பக்கத்தில் இருப்பவர்கள் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பெரிய இடம் வேண்டுமென்றால், மீஞ்சூரில் மின்சார ரயில் பிடித்தால் வண்ணாரப்பேட்டை. பழைய ஆட்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனை அங்கேதான். அங்கு தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

இங்கே நிஜமான செலவு மருந்து இல்லை, ஒரு நாள் கூலி. ஓ.பி காலையில்தான் நடக்கும். அதனால் ஒரே நடையில் முடிந்தவரை வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். நகப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டையும் அன்றைக்கே எடுக்க முடியுமா, ஒரு மாதத்து மாத்திரையைச் சேர்த்துத் தருவார்களா என்று டாக்டரிடம் சங்கடப்படாமல் கேளுங்கள்.

எழுதிய மருந்து மருத்துவமனையில் அன்றைக்கு இல்லையென்றால், பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க 1,000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்துகள் கிடைக்கின்றன. பிராண்டுக்குப் பிராண்ட் விலை மாறும். 84-ஆல் பெருக்கும்போது அந்தச் சின்ன வித்தியாசமே பெரிய தொகையாக நிற்கும்.

மருந்துக்கு முன்னால் டெஸ்ட்

பூஞ்சை மாதிரி தெரியும் நகங்களில் சுமார் பாதிதான் நிஜமாகவே பூஞ்சை. மீதி, இறுக்கமான ஷூ அழுத்தியதால் வந்த காயமாக இருக்கலாம், சொரியாசிஸாகவும் இருக்கலாம். அவற்றுக்கு 84 என்ன, 840 மாத்திரை சாப்பிட்டாலும் பயன் இல்லை. நகத்தைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய பரிசோதனை போதும். முன்கூட்டியே ஏதாவது மருந்து தடவிவிட்டால் அதில் பூஞ்சை சிக்காமல் போகலாம்.

டெர்பினாஃபைன் எழுதும் முன் கல்லீரல் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நாக்கில் ருசி போனாலோ நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோல் ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகாது. தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த ஒரு ட்யூப்!

கடையில் ‘எல்லாத்துக்கும் கேட்கும்’ என்று கொடுக்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். அரிப்பு சட்டென அடங்கும்; உள்ளே பூஞ்சை செழித்து வளரும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. டெர்பினாஃபைனுக்கு அடங்காத படர்தாமரை இந்தியாவில் பரவியதற்கு, இத்தகைய களிம்புகளையும் பாதியில் விட்ட சிகிச்சைகளையும் தோல் மருத்துவர்கள் காரணங்களாகச் சொல்கிறார்கள்.

மாத்திரை முடிந்தும் நகம் மாறலையே?

84-வது மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலைப் பார்த்தால், நகம் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கும். ‘மருந்து வேலை செய்யலை’ என்று பலர் மறுபடி கடைக்கு ஓடுவது அப்போதுதான். கொஞ்சம் பொறுங்கள். கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் மாற 12 முதல் 18 மாதம் ஆகும். நகத்தின் அடிப்பக்கம், தோலை ஒட்டிய இடத்தில், தெளிவான புது நகம் எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் மருந்து வேலை செய்கிறது. மருந்து நகத்திலேயே தங்கி, மாத்திரை நிறுத்திய பிறகும் பல வாரங்கள் வேலை பார்க்கும்.

எல்லோருக்கும் அவசியமா?

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நகத்தில் மட்டும் லேசாக இருந்தால், உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. கையில் பணம் இல்லாத மாதத்தில், டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தள்ளிப்போடலாம். அரைகுறையாகத் தொடங்குவதைவிட அது மேல்.

ஆனால் சர்க்கரை நோயாளிகள் தள்ளிப்போடக் கூடாது. தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்தும். மரத்துப்போன காலில் அந்தக் காயம் தெரியாது. அது புண்ணாகி, சீழ் பிடித்து, விரலை எடுக்கும் நிலைமை வரைக்கும் கொண்டுபோகலாம். அம்மா, அப்பா, மாமியார், மாமனார் யாருக்காவது சர்க்கரை இருந்தால், இன்றைக்கே அவர்கள் காலைப் பாருங்கள். குனிந்து பார்க்க அவர்களால் முடியாமல் இருக்கலாம்.

மறுபடி 84 வேண்டாமே!

இது திரும்பி வரும் நோய். வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்துக் காயவிடுங்கள். சாக்ஸ் இரண்டு மூன்று செட் வைத்து தினமும் மாற்றுங்கள். ஷூவை இரவில் காற்றாடத் திறந்து வையுங்கள். சொத்தை நகத்தை வெட்டிய நெயில்கட்டரை வீட்டில் வேறு யாருக்கும் தராதீர்கள். சேற்றுப்புண் தெரிந்த அன்றே டாக்டர் சொல்லும் பூஞ்சைக் களிம்பை, சொன்ன நாள் வரை போடுங்கள். விரல் இடுக்கில் இருக்கும்வரை ஒரு ட்யூபோடு போய்விடும். நகத்துக்குள் போன பிறகுதான் அந்த 84!