மணி பார்க்கவா கடிகாரம்?

400 வருஷத்துக்கு முன் ஐரோப்பியச் சீமான்கள் கழுத்தில் தொங்கவிட்ட கடிகாரத்துக்கு ஒரே முள்தான், தெரியுமா? மணி முள் மட்டும்! அதுவும் சொன்னபடி ஓடாது. மூடி மட்டும் தங்கம், எனாமல், ரத்தினம் என்று ஜொலிக்கும். மண்டையோட்டு வடிவத்தில்கூடச் செய்தார்கள். தாடையைத் திறந்தால் உள்ளே மணி! சாவை மறக்காதே என்று ஞாபகப்படுத்தவாம். 1675-இல் ஹாலந்து விஞ்ஞானி ஹைகன்ஸ், ஓட்டத்தைச் சீராக்கும் ஹேர் ஸ்பிரிங்கைப் பொருத்திய பிறகுதான் நிமிஷ முள்ளுக்கு மரியாதை வந்தது.

1912-இல் லண்டன் சீப்சைடில் பழைய கட்டடத்தை இடித்தவர்கள் நிலவறைத் தரைக்கு அடியில் நகைப் புதையலைக் கண்டார்கள். அதில் ஒரு கடிகாரத்தின் கூடு கொலம்பியா மரகதம்! ஒரே கல்லைக் குடைந்து உள்ளே இயந்திரத்தை இறக்கியிருக்கிறார்கள். குடையும்போது கல் பிளந்திருந்தால்? நினைத்தாலே கை நடுங்குகிறது.

ஜெனீவா கடிகார ஊரானது எப்படி? மதத் தலைவர் கால்வின் காலத்தில் நகைக்குத் தடை விழுந்தது. பிழைப்பு தேடிய பொற்கொல்லர்கள், பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த கடிகாரக்காரர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1601-இல் தனிச் சங்கமே உருவாகிவிட்டது!

அந்தக் காலக் கடிகாரங்களில், இயந்திரத்தை ஓட்டும் ஸ்பிரிங்கின் இழுவையைச் சமமாக்க உள்ளே ஒரு சங்கிலி இருந்தது. சைக்கிள் செயினின் அதே அமைப்புதான், ஆனால் நூல் கனம்! இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் அதைக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கோத்தவர்கள் ஏழைப் பெண்களும் குழந்தைகளும். அதே நாட்டில் 1770-களின் லண்டன் மைனர்கள் இடுப்பில் இரண்டு கடிகாரம் தொங்கவிட்டார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் டம்மி! இந்தப் பகட்டைப் பார்த்துத்தானோ என்னவோ, 1797-இல் பிரதமர் பிட் தங்கக் கடிகாரத்துக்கு வருஷம் 10 ஷில்லிங் வரி போட்டார். கடிகாரத் தொழிலே படுத்துவிட்டது, மறுவருஷமே வாபஸ்!

எல்லாவற்றையும் மிஞ்சியது பாரிஸ் கலைஞர் பிரெகேயின் 160-ஆம் எண் கடிகாரம். 1783-இல், பிரான்ஸ் ராணி மேரி ஆன்டோனெட்டுக்காக வந்த ஆர்டர். செலவுக்கும் கெடுவுக்கும் வரம்பில்லை, முடிந்த இடமெல்லாம் தங்கம் வேண்டும். 1793-இல் ராணியின் தலை போனது. 1823-இல் பிரெகேயும் இறந்தார். வேலை முடிந்ததோ 1827-இல்! 1983-இல் ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து அது களவுபோனது. திருடன் செத்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது.