ராஜபாளையம் நாய்: வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

ராஜபாளையம், சோழபுரம் வட்டாரத்தில் ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போறவங்க முதலில் பார்ப்பது ரெண்டுதான்: பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. 2005-ல் அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்த இனம் இது. ஆனால், சில குட்டிகளுக்குக் காது கேட்பதில்லை. ஏன்?

கரு வளரும்போது நிறமி செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடல் முழுக்கப் பரவும். தோலுக்கும் மூக்குக்கும் நிறம் தருவது இவைதான். உள்காதில் ஒலியை உணரும் செல்கள் பிழைத்திருக்கவும் இவை வேண்டும். அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் அந்தக் காது கேட்காமல் போய்விடும். டால்மேஷனிலும் இதே கதைதான்.

அப்போ, நம்ம வீட்டுப் புசுபுசு வெள்ளை பொமரேனியன்? பொதுவாகப் பயமில்லை. அதற்கு நிறமி செல்கள் உண்டு. முடிக்கு மட்டும் அடர்நிறம் தருவதில்லை. கறுப்பு மூக்கே சாட்சி.

சிக்கல் நம்ம ஆசையில்தான். உடம்பில் திட்டு இருக்கும் குட்டியை ஒதுக்கிவிட்டு, தூய வெள்ளையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் இந்தக் குறையும் கூடவே வரும். வாங்கும்போது குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் சிக்காது. அதற்குக் கருவி வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.