வாலைத் தூக்கிய கைகள்

ஷார்ஜா நகரின் நடுவே மன்னர் அப்துல் அசீஸ் வீதி நேர்கோடாய் நீண்டு கிடக்கிறது. அதன் வழியே நாள்தோறும் வேலைக்குச் செல்லும் எம்மவர் பலர், அது ஒரு காலத்தில் விமானங்கள் ஓடிய பாதை என்பதை அறியார். அருகே கோட்டை போல நிற்கும் கட்டடத்தின் பெயர் அல் மஹத்தா. அரபு மொழியில் ‘நிலையம்’ என்பது அதன் பொருள். பாரசீகக் கரையோரமாய்ப் பறந்துவந்த இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம், அவ்வழி அடைபடவே வளைகுடாவின் தென்கரைக்கு மாறியது. 1932 ஒக்டோபர் 5ஆம் நாள் அதன் ‘ஹன்னோ’ விமானம் இங்கே வந்திறங்கியது. இன்று அந்நிலையம் ஓர் அரும்பொருட் காட்சியகம்.

அங்குள்ள பழைய விமானங்களுள் ஆன்சனும் டிசி-3உம் மூக்கை உயர்த்தி, வாலைத் தரையில் தாழ்த்தி நிற்கின்றன. முன்னே இரு பெருஞ்சில்லுகள். வாலின் அடியில் ஒரு சிறு சில்லு. மணலும் கல்லும் நிறைந்த கரடுமுரடான தரைக்கு இவ்வமைப்பே ஏற்றது. சுழல்விசிறி நிலத்துக்கு மேலே எட்ட நிற்கும். ஆனால் வானில் பறவையாய்த் திரியும் இவ்வகை விமானம் தரையில் பிறர் துணையை நாடுவது. மூக்கு மறைப்பதால் ஓட்டிக்கு முன்வழி தெரியாது. தன் விசையால் பின்னோக்கி நகரவும் முடியாது. கொட்டகைக்குள் ஏற்றவும் இறக்கவும் மனிதக் கைகள் வேண்டும்.

அக்கைகளுக்கு அறிவும் வேண்டும். விமானத்தின் பாரமையம் முன்சில்லுகளுக்குச் சற்றே பின்னால் அமைந்திருக்கும். ஆகவே பாரத்தின் பெரும்பங்கைச் சில்லுகளே தாங்கும். சிறு விமானமாயின் ஓரிருவரே வாலைத் தூக்கிவிடலாம். தூக்கத் தூக்கப் பாரம் குறையும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இலேசாயிற்றே என்று மேலும் உயர்த்தினால் மூக்குக் குப்புறச் சாய்ந்து விசிறி நிலத்தில் மோதும்.

எங்கே தொடுவது என்பது அடுத்த பாடம். சட்டகத்தின் மீது துணி போர்த்திய உடலில் கண்ட இடத்தில் கைவைத்தால் துணி கிழியும். இறக்கையைத் தாங்கும் கம்பத்தை உடலோடு சேருமிடத்தில் பிடித்துத் தள்ளலாம். இறக்கையின் பின்விளிம்பிலும் வாலிலும் அசையும் தகடுகளைத் தொடவே கூடாது. இன்று தரையில் ஒரு கை வளைத்த தகடு, நாளை வானில் ஓர் உயிரைக் கேட்கும். சுழல்விசிறியோ இன்னும் கொடியது. இயந்திரத்தின் மக்னீற்றோ, மின்கலம் இன்றியே பொறி எழுப்பவல்லது. ஆளி அணைந்திருந்தாலும் ஒரு கம்பி அறுந்திருக்குமாயின் விசிறியைச் சற்றே திருப்புவதும் இயந்திரத்தை உயிர்ப்பிக்கக்கூடும். ஓய்ந்து நிற்கும் விசிறியையும் சுழலும் விசிறியாகவே கருதுவது பழைய தொழிலாளரின் விதி.

எங்கள் ஊர்த் தேரோட்டத்தைக் கண்டவர்க்கு இவ்வேலையின் ஒழுங்கு எளிதில் விளங்கும். வடம் பிடிப்போர் பலர். சில்லுக்குக் கட்டை போடுவோரே தேரின் போக்கைத் தீர்மானிப்போர். விமானத்தைத் தள்ளும்போதும் இறக்கை நுனிகளில் இருவர் கண்காணிப்பர். வாலைப் பிடித்தவர் திசை திருப்புவார். கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டுமே வரும். வளைகுடாவில் ‘ஷமால்’ என்னும் வடமேற்குக் காற்று எழுந்தால் அது வாலை அடித்துத் தள்ளி, மூக்கைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும். அப்போது கயிறும் கட்டையும் ஆயத்தமாய் இல்லையேல் மனித வலு போதாது.

இக்கைகள் சுமந்தவை யாருடைய செய்திகள்? ‘ஹன்னோ’ ஷார்ஜாவில் இறங்கிப் பத்து நாள் கழித்து, 1932 ஒக்டோபர் 15இல், ஜே. ஆர். டி. டாட்டா ‘பஸ் மொத்’ என்னும் சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுசென்றார். வழியில் அகமதாபாத்தில் அதற்குரிய பெற்றோல் நாலு கலன் தகரங்களில் மாட்டுவண்டியில் வந்தது. பம்பாயிலிருந்து சென்னைக்கு நெவில் வின்சென்ற் ஓட்டிச் சென்றார். இலண்டனில் இட்ட கடிதம் வளைகுடா வழியே கராச்சியை அடைந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் பறந்து வரலாயிற்று. 1935 நவம்பர் 27இல் இரத்மலானையில் முதன்முதல் இறங்கியதும் சென்னைப் பறத்தற் கழகத்தின் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த ஒரு ‘பஸ் மொத்’ விமானமே.

வெறுமையாய் நிற்கையில் ஏறத்தாழ 575 கிலோ எடையுள்ள அவ்விமானத்தின் இறக்கைகளைப் பின்னே மடிக்கலாம். மடித்துவிட்டால் சிலர் கூடி வாலைத் தூக்கி, ஒரு வண்டியைப் போல உருட்டிச் செல்வர்.

ஓட்டியோரின் பெயர்களை வரலாறு நாளோடும் ஊரோடும் எழுதிவைத்திருக்கிறது. தள்ளியோரின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. இன்று வளைகுடா விமான நிலையங்களில் இழுவை வண்டிகள் பெருவிமானங்களை நகர்த்துகின்றன. ஆயினும் இடம் நெருக்கமாயின் இறக்கை நுனியைப் பார்த்தபடி கூடவே நடக்க ஓர் ஆள் இன்றும் வேண்டும். வெயிலில் நடக்கும் அத்தொழிலாளருள் தெற்காசியர் பலர், தமிழரும் உளர். கடல் கடந்து வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்த நாம் ஓட்டியை எண்ணியிருப்போம், தபாற்காரரை எண்ணியிருப்போம். வாலைத் தூக்கியவரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்வோம்.