கிளவுடில் ஏற்றிவிட்டால் போதுமா?

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று தீக்கிரையானது. வேறு ஊரில் இன்னொரு நகல் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் தப்பித்தார்கள். சர்வர், பேக்கப் இரண்டையும் அங்கேயே வைத்திருந்த பலர் மொத்தத்தையும் இழந்தார்கள்.

அதற்காகக் கிளவுடே வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. கடைக்குள் வெள்ளம் புகுந்தால் கம்ப்யூட்டரும் மேசை டிராயரில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்துதான் மூழ்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னை வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி கணக்குகளையோ, அந்தந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் மின்னணுக் கணக்குகளைத் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் பேக்கப் எடுத்தாக வேண்டும் என்று 2022இல் விதியே வந்துவிட்டது.

டேலி ஃபோல்டரை கூகுள் டிரைவில் இணைத்துவிட்டு, அதையே பேக்கப் என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. அது வெறும் சிங்க். இங்கே நடப்பது அப்படியே அங்கும் நடக்கும். பில் போடுகிறவர் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கும் அழியும். ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களே மேலேறி நல்லவற்றின் இடத்தில் உட்காரும். பழையதை மீட்க வழி உண்டு; ஆனால் அழித்த ஃபைல்களும் டேலி ஃபைல்களின் பழைய பதிப்புகளும் அங்கே பொதுவாக 30 நாள்தான் இருக்கும். மார்ச்சில் அழிந்ததை ஆடிட்டர் செப்டம்பரில் கேட்டால் என்ன செய்வது? பழைய நகல்களை மாதக்கணக்கில் தனித்தனியே வைத்திருக்கும் பேக்கப் சேவையாகக் கேட்டு வாங்குங்கள். நகலெடுத்ததும் கழற்றி வீட்டில் வைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

இன்னொன்று நேரம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் கிடைத்தாலும் 500 ஜிபியை இறக்க 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீபாவளி வாரத்தில் அது தாங்குமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப்பை இறக்கி, போன மாத லெட்ஜர் திறக்கிறதா என்று பாருங்கள்.

கிளவுட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். பல கடைகளில் அது கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரின் ஈமெயிலில் இருக்கும், ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கணக்கையே உங்களால் திறக்க முடியாது.

தரவு தொலைந்தால் இழப்பீடு கிடைக்குமா? வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை 2019 நுகர்வோர் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. அவர்களுக்கு ஒப்பந்தமும் சிவில் நீதிமன்றமும்தான் வழி. அந்த ஒப்பந்தமோ பெரும்பாலும், கட்டிய சந்தா அளவுக்குத்தான் பொறுப்பு என்று வரம்பு கட்டியிருக்கும். கையெழுத்துக்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படியுங்கள். சேவையை விட்டு விலகினால் தரவு எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரான்சம்வேர் தாக்கியது தெரிந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணையுங்கள். 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பது கட்டாயம்; தனி உரிமையாளர் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியுங்கள், பணமும் பறிபோயிருந்தால் 1930ஐ உடனே அழையுங்கள். சர்வீஸ்காரர் அவசரப்பட்டாலும் அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய விடாதீர்கள், விசாரணைக்கு அதுதான் சாட்சி.