எட்டாத மூன்றாவது தோட்டா

மலிவான, நம்பகமான அரைத் தானியங்கி ஷாட்கன் உலகச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ரஞ்சன்காவ் காவலாளியின் கைக்கு மட்டும் அது வராது. வந்தாலும் அவர் பிரச்னை தீருமா என்பது வேறு கேள்வி.

புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயிலுக்கு ஒரு கூட்டம் வருகிறது. மகாராஷ்டிர அரசின் தொழிற்பேட்டைக்கு இன்னொரு கூட்டம். குளிர்பதனப் பெட்டியும் டி.வி.யும் காரும் இங்கே உருவாகின்றன. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவன் இந்த ஊர்ப் பிள்ளையாரை வணங்கிவிட்டுத்தான் போனார் என்பது தலபுராணம். அவருக்கு ஒரே அம்பு போதுமாக இருந்தது.

வங்கி வாசலிலும் பண வேன் அருகிலும் நிற்கும் 'கன்மேன்'களுக்கு அந்த வசதி இல்லை. தோளில் தொங்குவது பெரும்பாலும் இரட்டைக் குழல் 12 போர். இரண்டு தோட்டா. ஒற்றைக் குழல் என்றால் ஒன்றே ஒன்று. அதைச் சுட்டபின் துப்பாக்கியை முறித்துத் திறந்து, வெற்றுக் கூட்டை எடுத்து, புதுத் தோட்டாவைச் செருகி, மூடி, மறுபடி குறிபார்க்க வேண்டும். எதிரே நிற்பவன் அதுவரை காத்திருக்க மாட்டான்.

மூன்றாவது தோட்டாவுக்கு வழி கண்டுபிடித்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. சுடும்போது தோளில் இடிக்கும் பின்னுதையையே வேலைக்கு இழுத்துக்கொண்டார் அவர். குழல் பின்னால் நகர்கிறது. வெற்றுக் கூடு வெளியே தெறிக்கிறது. ஸ்பிரிங் குழலைத் திரும்பத் தள்ள, அடுத்த தோட்டா தானாக ஏறுகிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. அடுத்த வெடிக்கு மறுபடி இழுக்க வேண்டும். 'அரை' என்ற அடைமொழி அதனால்தான். வின்செஸ்டர் நிறுவனத்துடன் உரிமத்தொகை விஷயத்தில் பேரம் முறிந்தது. ரெமிங்டன் தலைவரைப் பார்க்கப் போனபோது அவர் மாரடைப்பால் இறந்துபோனார். கடைசியில் பெல்ஜியத்தின் எப்.என். ஆலை அதைத் தயாரித்தது. 'ஆட்டோ-5' என்ற அந்தத் துப்பாக்கியின் உற்பத்தி 1998 வரை நடந்தது.

தமிழர்களுக்கு அது முற்றிலும் அந்நியம் அல்ல. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரநிலை இருந்தது. ரப்பர் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடித் திரிந்த பிரிட்டிஷ் படையினர் கையில் இருந்த ஆயுதங்களில் ஆட்டோ-5ம் ஒன்று. அடர்ந்த காட்டில், இருபது முப்பது கெஜ தூரத்தில், கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் மோதலுக்கு ரைபிளைவிட அது பொருத்தமாக இருந்தது.

பிறகு வந்தவை இரண்டு வகை. வெடிமருந்து வாயுவின் ஒரு பகுதியைத் திருப்பி இயங்குபவை முதல் வகை. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இதில் பிரபலம். இத்தாலியின் பெனெல்லி போன்றவை அடுத்த வகை. அவை வாயுவைத் தொடாமல், பின்னுதையின் உந்துதலில் அழுந்தி விரியும் ஸ்பிரிங்கை நம்புகின்றன. வாயுத் துப்பாக்கி தோளுக்கு மென்மை, ஆனால் கரி படியும். அடிக்கடி துடைக்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கி சுத்தம், ஆனால் பலவீனமான தோட்டா போட்டால் முரண்டு பிடிக்கும். அமெரிக்க மரைன் படை 1999இல் தேர்ந்தெடுத்த பெனெல்லி எம்4, வாயுவில் இயங்குவது. அதன் விலை 2,000 டாலரைத் தொடும்.

விலையை உடைத்தது துருக்கி. கோன்யா மாகாணத்தில் பெய்ஷெகிர் ஏரியை அடுத்த ஹுக்லு சிற்றூரில் துப்பாக்கி செய்வது குடிசைத் தொழில் மாதிரி. 1962இல் அங்கே கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்கள். கணினி கடைசல் இயந்திரங்கள் வந்தபின் துருக்கி அரைத் தானியங்கிகள் அமெரிக்கக் கடைகளில் 300 முதல் 500 டாலருக்குக் கிடைக்கத் தொடங்கின. நம் பணத்தில் ஒரு சாதாரண மோட்டார் சைக்கிளை விடக் குறைவு. வாங்கியவர்களின் அனுபவம் கலவைதான். சில ஆயிரக்கணக்கில் சுட்டும் சிக்குவதில்லை. சில முதல் நூறு தோட்டாவிலேயே மெலிந்த குண்டை ஏற்க மறுக்கின்றன. மலிவு கிடைக்கும், நம்பகம் கிடைக்கும். இரண்டும் ஒரே பெட்டியில் வருகிறதா என்று சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்தியாவில் அந்தச் சோதனைக்கே இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை அடுத்து வந்த 1962 விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2016 விதிகளும் அரைத் தானியங்கி ஆயுதங்களைப் பொதுவாக முதல் வகுப்பில் வைக்கின்றன. கைத்துப்பாக்கிகளுக்கு மட்டும் தனிக் கணக்கு. முதல் வகுப்பு மாவட்ட கலெக்டரின் அதிகாரத்தில் இல்லை. டெல்லியில் உள்துறை அமைச்சகம் பார்த்துக் கொடுக்க வேண்டியது. தொழிற்பேட்டைக் காவலாளியின் மனு அங்கே போய்ச் சேர்ந்து திரும்பும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இறக்குமதி இன்னொரு பூட்டு. 1980களின் நடுவிலிருந்து சாதாரண உரிமதாரருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி தருவிக்கும் வழி அடைபட்டிருக்கிறது. ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த இங்கிலாந்து, பெல்ஜியத் துப்பாக்கிகள் அதனால் நகை மாதிரி விலை ஏறின. பெயர்பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் அவர்களும் அரைத் தானியங்கியைத் தேடி ஓடுவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் பங்கேற்ற புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்களின் ஆட்டத்தில் ஒரு தட்டுக்கு அதிகபட்சம் இரண்டு தோட்டாதான். மேலும் கீழுமாகக் குழல் அமைந்த இத்தாலிய இரட்டைக் குழலே அங்கே ராஜா. அதன் விலைக்கு ரஞ்சன்காவ் பக்கம் மனையே வாங்கலாம்.

மிச்சமிருப்பது உள்நாட்டுச் சரக்கு. பீகாரின் முங்கேரில் உரிமம் பெற்ற சிறு கூடங்கள் ஒற்றை, இரட்டைக் குழல்களைச் செய்கின்றன. அரசுத் தரப்பில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகள். அரைத் தானியங்கிக்குச் சட்டப்படி மிக நெருங்கி வரக்கூடியது பம்ப் ஆக்‌ஷன். முன்பிடியை ஒருமுறை பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளினால் கூடு வெளியே, புதுத் தோட்டா உள்ளே. வேலையைச் செய்வது ஸ்பிரிங் அல்ல, கை. 12 போர் பம்ப் துப்பாக்கி தயாரித்த இடம் நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை. 1966இல் தொடங்கிய இந்த ஆலை, 2021 அக்டோபர் 1 அன்று தளவாட வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் போனது.

பம்ப் துப்பாக்கியில் ஒரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. தோட்டா மெலிந்ததா, கனத்ததா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அரைத் தானியங்கிக்கு அது உயிர்நாடி. பிரௌனிங்கின் ஆட்டோ-5இலேயே, லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரியும் கனத்த தோட்டாவுக்கு வேறு மாதிரியும் உராய்வு வளையத்தை மாற்றிப் போட வேண்டும். மாற்ற மறந்தால் ஒன்று சிக்கும், இல்லையென்றால் துப்பாக்கி அடிவாங்கும்.

தோட்டாவில்தான் புனே வட்டாரத்தின் பங்கு வருகிறது. 1869இல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை புனே நகரின் ஓரத்திலேயே இருக்கிறது. இந்தியக் காவலாளிகளின் துப்பாக்கிகளுக்கு நெடுங்காலமாக 12 போர் தோட்டா தந்த ஆலைகளில் அது முக்கியமானது. 2021க்குப் பிறகு அதைத் தன் கீழ் வைத்திருக்கும் மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனிக்கும் தலைமையகம் புனேதான். ஆக, தோட்டா பிறக்கும் ஊருக்கும் காவலாளி நிற்கும் ஊருக்கும் ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் அவர் பெல்ட்டில் இருக்கும் தோட்டா எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டால் சங்கடப்படுவார். தினமும் பையில் ஏறி இறங்கி, மழைக்காலத்தில் ஈரம் குடித்து, அட்டைக் கூடாக இருந்தால் ஊதிப்போய், குழலுக்குள் நுழையவே அடம்பிடிக்கும். உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது. விலையும் சொந்தப் பையிலிருந்து. அதனால் சுட்டுப் பழகுவது என்பது பலருக்கு வருடக்கணக்கில் நடக்காத காரியம். இந்த நிலையில் உலகின் சிறந்த அரைத் தானியங்கியைக் கொடுத்தாலும் இரண்டாவது தோட்டாவிலேயே அது நின்றுவிடலாம். மாறாக, பழைய இரட்டைக் குழலில் ஒரு தோட்டா புஸ்ஸென்று போனால் பக்கத்துக் குழல் காத்திருக்கிறது. இரட்டைக் குழலின் நம்பகத்தை கேலி செய்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

இந்தத் தொழிலில் துப்பாக்கி ஒரு முதலீடு. 2005ஆம் ஆண்டு சட்டம் தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்துகிறது என்றாலும், பெரும்பாலான இடங்களில் துப்பாக்கியும் உரிமமும் காவலாளியுடையவை. துப்பாக்கி இருந்தால் சம்பளம் கூட. வெறும் தடியோடு நிற்பவரைவிடக் கணிசமாகக் கூட. ஊரில் நிலத்தை அடகுவைத்து ஒரு ஒற்றைக் குழல் வாங்கி, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து வேலை பார்ப்பவர்கள் உண்டு. தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். விலக்குக் கிடைக்காவிட்டால் அந்த மாதச் சம்பளம் கேள்விக்குறி.

சம்பள வித்தியாசம் பெரிதானதும் போலிகள் முளைத்தன. 2024 நவம்பரில் ராணுவ உளவுப் பிரிவும் அகில்யாநகர் போலீசாரும் சேர்ந்து நடத்திய வேட்டையில் ஒன்பது 12 போர் துப்பாக்கிகள் பிடிபட்டன. ஜம்மு-காஷ்மீர் முகவரியில் போலி உரிமம் வைத்துக்கொண்டு காவலாளி வேலை பார்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்கும் முந்தைய கதை பெரிது. 2012க்கும் 2016க்கும் இடையே ஜம்மு-காஷ்மீரில் தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. சொன்னது. இந்த எண்ணிக்கை வெளிவந்தபின் நேர்மையாக உரிமம் வாங்கியவரும் சந்தேகப் பார்வைக்குத் தப்பவில்லை. தேசிய ஆயுத உரிமப் பதிவேட்டின் தனி எண் இல்லாத உரிமம் இன்று வெறும் காகிதம்.

விவசாயி கதை வேறு. ரஞ்சன்காவ் இருக்கும் ஷிரூர் தாலுகாவில் கரும்பு நீண்டு கிடக்கிறது. கரும்புக்குள்ளேயே குட்டி போட்டு வளரும் சிறுத்தைகளும் கிடக்கின்றன. காட்டுப்பன்றி தனி. சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்கு வாய்வழியே மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழப்பான குழல் துப்பாக்கி தரலாம். பாதுகாப்புக்கு என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல். 1959இல் எழுதிய வரிகள் இவை. நாட்டுத் துப்பாக்கியில் மருந்து இடித்து முடிப்பதற்குள் பன்றிக் கூட்டம் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

சிறுத்தை விஷயத்தில் அதுவும் உதவாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் மிருகம் அது. உயிருக்கு ஆபத்தான கணத்தில் நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டால் குற்றமில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கணம் வந்து போனதை நிரூபிக்கும் பாடு துப்பாக்கி வைத்திருந்தவருக்கு.

2025 அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் இதே தாலுகாவின் பிம்பர்கேட் வட்டாரத்தில் சிறுத்தை மூன்று பேரைக் கொன்றது. அதில் இருவர் குழந்தைகள். ஊரார் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அந்த நவம்பர் முதல் வாரத்தில் வனத்துறை வரவழைத்த குறிபார்த்துச் சுடுவோர் ஒரு சிறுத்தையை வீழ்த்தினார்கள். அது ஷாட்கன் வைத்திருப்பவர் செய்யக்கூடிய வேலை இல்லை. ரவைத் தோட்டாவின் வீச்சு நாற்பது ஐம்பது கெஜத்தோடு தளர்ந்துவிடும். காயம்பட்ட சிறுத்தை இன்னும் ஆபத்து.

அதன்பின் கரும்பு வெட்டவும் மாடு மேய்க்கவும் போன பிம்பர்கேட் பெண்கள் கழுத்தில் ஒரு புதுப் பொருள் ஏறியது. கூரான ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை. ஆட்டுக்கிடை நாய்களுக்குக் கட்டுவார்களே, அதே மாதிரி. அதற்கு உரிமம் தேவையில்லை.