அறிக்கையின் அடியில் கையொப்பமிடும் மருத்துவர்

ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நம் கண்கள் முதலில் எண்களையே தேடுகின்றன. அதன் அடியில் உள்ள கையொப்பத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அதற்கு உரிய மருத்துவரை நோயாளிகள் நேரில் சந்திப்பதும் அரிது. ஆயினும் மருந்தின் அளவு, அறுவை சிகிச்சையின் நாள் போன்ற முடிவுகள் பல அவர் உறுதி செய்த எண்ணைச் சார்ந்தே எடுக்கப்படுகின்றன. எனவே, அவர் எவ்வாறு பயிற்சி பெறுகிறார், அவரது திறன் எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பதை நோயாளிகளும் அறிந்திருப்பது நன்று.

ஆய்வக மருத்துவர் எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்தபின் நோயியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் ஆகியவற்றுள் ஒன்றில் மூன்றாண்டு எம்.டி. பயில்கிறார். பரிசோதனை அறிக்கையில் கையொப்பமிடுபவர் முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும் என்ற இந்திய மருத்துவக் கழகத்தின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஏற்றது.

இம்மருத்துவர்களின் தகுதியை நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்தவை, மூன்றாம் ஆண்டின் முடிவில் நடைபெறும் எழுத்துத் தேர்வும் செய்முறை, வாய்மொழித் தேர்வுகளுமே. பாட அறிவை அளக்க அவை போதும். அன்றாடப் பணியில் வேண்டப்படும் விழிப்பை அளக்கப் போதா. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

கும்மிடிப்பூண்டியில் காலையில் எடுக்கப்படும் ரத்த மாதிரி சென்னையிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது எனக் கொள்வோம். குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தொடர்ந்து உட்கொள்கின்றன. உரிய முறையில் பாதுகாக்காவிடில், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறையும். வெறும் வயிற்றில் 130 மி.கி. சர்க்கரை உள்ள ஒருவரின் மாதிரி நான்கு மணி நேரம் தாமதித்தால், அறிக்கையில் 100-ஐ ஒட்டிய எண் வரக்கூடும். 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் எனக் கருதப்படுவதால், அந்நோய் கண்டறியப்படாமலே போகலாம். இயந்திரம் பிழை செய்யவில்லை. குழாயில் இருந்ததை அது சரியாகவே அளந்தது. ‘இம்மாதிரி எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது? எந்தக் குழாயில்?’ என்று கேட்கும் மருத்துவரே இங்கு நோயாளியைக் காக்கிறார். ஆய்வகப் பிழைகளுள் பெரும்பாலானவை மாதிரி இயந்திரத்தை அடையும் முன்பே நேர்கின்றன.

இத்தகைய விழிப்பை ஒரு நாள் தேர்வில் கண்டறிய இயலாது. ஆகவேதான் பயிற்சிக் காலம் முழுவதும் மதிப்பிடும் முறை வலுப்பெற்று வருகிறது. முதுநிலை மாணவர் தாம் செய்த பணிகளைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆய்வகப் பணியிலும் பிற துறை மருத்துவர்களுடன் கலந்துரையாடுவதிலும் அவர் காட்டும் திறன் காலாண்டுதோறும் மதிப்பிடப்பட வேண்டும் என்பது இந்நாட்டு வழிகாட்டு நெறி. பிரிட்டனில் பயிற்சி மருத்துவரைப் பற்றி, அவருடன் பணியாற்றும் ஆய்வக நுட்புநர்களின் கருத்தும் கேட்கப்படுகிறது.

மற்றொரு மாற்றம், முதுநிலை மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவ அமைப்பில் பணியாற்ற வேண்டும் என்ற விதி. திருவள்ளூர் போன்ற மாவட்டத்தில் கற்க வேண்டியவை பல. சிப்காட் ஆலைகளில் பணிபுரியும் வெளிமாநிலத் தொழிலாளர்களுள் ஒரே பெயருடையோர் பலர் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பினால் அறிக்கை மாறிவிடும். ஈயம் கையாளும் தொழிலாளிக்கு அதற்குரிய தனிக் குழாயில் மாதிரி எடுக்க வேண்டும். 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியைப் போன்ற நிறுவனங்கள், இத்தகைய பாடங்களை நோயாளிகளின் ஊருக்கு அருகிலேயே கற்பிக்கும் வாய்ப்பைப் பெற்றுள்ளன.

மருத்துவரைப் போலவே ஆய்வகமும் தேர்வு எழுதுகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை, அளவு அறிவிக்கப்படாத மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை தரும் முடிவுகளை ஒப்பிட்டுக் கூறும் திட்டத்தைப் பல்லாண்டுகளாக நடத்தி வருகிறது. அணுக்களை எண்ணவும் திசுப் படங்களை ஆராயவும் கணினி துணைபுரியும் காலம் இது. வருங்காலத்தில், கணினி கூறும் முடிவை எப்போது ஏற்பது, எப்போது ஐயுறுவது என்பதும் மருத்துவரின் தேர்வுக்குரிய பாடமாக வேண்டும்.

நோயாளிகளும் உறவினர்களும் செய்யத்தக்கவை சில உண்டு. குழாயில் எழுதப்படும் பெயரையும் வயதையும் மாதிரி எடுப்பவர் முன்னிலையிலேயே சரிபாருங்கள். கடைசியாக உணவு உண்ட நேரத்தையும் உட்கொள்ளும் மருந்துகளையும் தவறாமல் கூறுங்கள். முடி வளர்ச்சிக்காக உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரைகூடத் தைராய்டு பரிசோதனையின் முடிவை மாற்றக்கூடும். அறிக்கையில் உள்ள எண் உங்கள் உடல்நிலைக்குப் பொருந்தாததாகத் தோன்றினால், நீங்களே மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் ஐயத்தைக் கூறி, ஆய்வக மருத்துவருடன் கலந்து பேசுமாறு கேளுங்கள். நன்கு பயிற்சி பெற்ற ஆய்வக மருத்துவர் அக்கேள்வியை வரவேற்பார்; தேவையெனில் மறு மாதிரி கேட்பார்.